குரல்வளை எடுத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லையா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கம் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். ஆவி பறக்கிற உருண்டையில் கொஞ்சம் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே முழுங்கிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அப்படி முழுங்கிய எங்கப்பா, புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த ஆபரேஷன் முடிந்த ஆறாவது மாதம் பாதி இட்லியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சிலேட்டை எடுத்து ஒரே வார்த்தை எழுதினார்: "நிக்குது."

தொண்டையையே அறுத்திருக்கிறார்களே, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்படி ஐந்து மாதம் போனது. 61 கிலோ இருந்தவர் 47 கிலோவுக்கு வந்தார். கடைசியில் பார்த்தால் உணவுக் குழாயின் மேல் முனை சுருங்கியிருந்தது. அதை விரித்துவிட வழி இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. நான் பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருப்பவள், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் எந்தக் கவுண்டரில் எந்தக் காகிதம் கேட்பார்கள், எங்கே நாள் வீணாகும் என்பது பட்டுத் தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

1. டிஸ்சார்ஜ் சம்மரியை முதலில் படியுங்கள்

பையில் மடித்துப் போட்ட அந்தக் காகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து விஷயங்களைத் தேடி அடிக்கோடு போடுங்கள்.

குரல்வளையை முழுசாக எடுத்தார்களா, பாதி எடுத்தார்களா என்பது முதல் விஷயம். 'டோட்டல் லாரிஞ்செக்டமி' என்றிருந்தால் முழுசாக எடுத்திருக்கிறார்கள். அதில் மூச்சுக் குழாயைக் கழுத்துக்குக் கொண்டுவந்து நிரந்தரமாகத் துளை வைத்துவிடுவார்கள். மூச்சு வழி வேறு, சோற்று வழி வேறு என்று ஆகிவிடும். பாதி எடுத்தவர்களுக்கு இப்படி இல்லை. சாப்பாடு நுரையீரலுக்குள் போகிற ஆபத்து அவர்களுக்கு உண்டு, அதனால் இந்தக் கட்டுரையில் உள்ள சாப்பாட்டு யோசனைகளை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, தொண்டையைத் தைக்க நெஞ்சிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ சதை எடுத்து வைத்தார்களா? கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்களா, எத்தனை நாள், எப்போது முடிந்தது? பேச்சு வால்வு, அதாவது பேசுவதற்காக மூச்சுக் குழாய்க்கும் உணவுக் குழாய்க்கும் நடுவில் பொருத்துகிற சின்ன வால்வு, வைத்திருக்கிறதா? தைராய்டையும் சேர்த்து எடுத்தார்களா? அடுத்து பார்க்கிற எந்த டாக்டரும் இதைத்தான் கேட்பார். நாங்கள் முழித்துக்கொண்டு நின்றதில் ஒரு நாள் போனது.

2. மூக்கில் டியூப் இருக்கும் நாட்கள்

ஆபரேஷன் முடிந்ததும் உள் தையல் ஆறுகிறவரை மூக்கு வழியாகப் போட்ட டியூபில்தான் ஆகாரம். பொதுவாக ஒன்றிரண்டு வாரம். முன்பே கரண்ட் வைத்தவர்களுக்குக் கூடுதலாகும்.

தலைப்பக்கத்தைச் சாய்வாக உயர்த்தி உட்கார வைத்து, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி வரை மெதுவாக ஊற்றச் சொன்னார்கள். முடிந்ததும் சுத்தமான தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும், அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. கேழ்வரகுக் கஞ்சி கொடுப்பதானால் நன்றாக நீர்க்கக் காய்ச்சி, டீ வடிகட்டியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். ஆறினால் அது இறுகும், டியூப் அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு இரண்டாவது நாளே அடைத்தது.

இந்த நாட்களில் இரண்டு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். டியூப் கழன்று வந்துவிட்டால் பக்கத்து கிளினிக்கில் திரும்பப் போடச் சொல்லாதீர்கள். உள்ளே தையல் பச்சையாக இருக்கும், குத்திக்கொண்டு போனால் பிரிந்துவிடும். ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய்விடுங்கள். இன்னொன்று, கழுத்துத் தையல் ஓரம் ஈரமாகவே இருந்தாலோ, எச்சில் முழுங்கும்போது அங்கே கசிந்தாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ உள்தையலில் ஓட்டை விழுந்திருக்கலாம். பவுடர் போட்டுக் கட்டிவைக்கிற விஷயம் இல்லை இது. வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் அன்றே காட்டுங்கள்.

3. எங்கே, எது நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

"முழுங்க முடியலை" என்று மட்டும் சொன்னால், "மெதுவா சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். எங்களை ஒரு இடத்தில் மூன்று தடவை அப்படி அனுப்பினார்கள். அவர்கள் மேல் மட்டும் குற்றமில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான்கு வேளை கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, போகவேண்டிய இடமும் வேறு.

முதலில் களி, சப்பாத்தி, கறி நிற்கும். பிறகு இட்லி, சில வாரத்தில் கஞ்சி. இப்படிக் கெட்டியிலிருந்து தண்ணீர் வரை படிப்படியாக இறங்காமல் போனால் குழாய் சுருங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கரண்ட் வைத்தவர்களுக்கு இது அதிகம். முடிந்து பல மாதம், சில சமயம் வருடங்கள் கழித்தும் வரும். எங்கப்பாவுக்கு வந்தது இதுதான்.

முழுங்கிய கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வாய்க்கோ மூக்குக்கோ திரும்பி வருகிறதா? கீழே வழி அடைபட்டதாலும் இப்படி ஆகும். குரல்வளை இருந்த இடத்தைத் தைக்கும்போது நாக்கின் அடியில் ஒரு மடிப்பு விழுந்து, அதன் பின்னால் பை மாதிரி இடம் உண்டாகி, அதில் சோறு தங்குவதாலும் ஆகும்.

தண்ணீர் குடித்ததும் இருமல் வருகிறதா? முழுசாக எடுத்தவர்களுக்குச் சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள் போக வழியே இல்லை. அதனால் பேச்சு வால்வு இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் உட்கார வைத்து, டார்ச் அடித்து, பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை ஒரு மடக்கு குடிக்கச் சொல்லுங்கள். கழுத்துத் துளைக்குள் சிவப்பாகச் சொட்டும். வால்வின் நடுவிலிருந்து சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது பூஞ்சை பிடித்திருக்கிறது. ஓரத்தைச் சுற்றிக் கசிந்தால் அளவு சரியில்லை. வால்வு சில மாதங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய சாமான்தான், பயப்பட வேண்டாம். ஆனால் வால்வு காணாமல் போனால் நிற்காமல் கிளம்புங்கள், அது மூச்சுக் குழாய்க்குள் விழுந்திருக்கலாம். வால்வே இல்லாதவருக்குக் குடித்ததெல்லாம் கழுத்துத் துளையில் வந்தால் அதையும் உடனே காட்ட வேண்டும்.

வாய் வறண்டு, சோறு மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு, எச்சிலே ஊறவில்லை என்றால் அது கரண்ட் வைத்ததன் மிச்சம். நாக்கில் வெள்ளைப் படலமும் எரிச்சலும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

முழுங்க முடிந்தும் சாப்பாட்டில் நாட்டம் இல்லாவிட்டால் வாசனையை நினைத்துப் பாருங்கள். மூச்சு கழுத்து வழியாகப் போவதால் மூக்குக்குக் காற்று வராது. தாளிப்பு வாசனையே தெரியாமல் யாருக்குப் பசிக்கும்? பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பெரியவர்கள் முன்னால் கொட்டாவியை அடக்குவோமே, அது மாதிரி உதட்டை மூடிக்கொண்டு தாடையையும் நாக்கையும் கீழே இறக்க வேண்டும். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வரும். இரண்டு வாரம் பழகிய பிறகு அப்பா கருவேப்பிலை வாசனை வருகிறது என்று எழுதிக் காட்டினார். கேஸ் கசிந்தாலும் பால் திரிந்தாலும் அவருக்குத் தெரியாது என்பதையும் வீட்டில் எல்லோரும் மனதில் வையுங்கள்.

நாள் தள்ளாமல் போக வேண்டியவை சில உண்டு. எச்சில் கூட இறங்கவில்லை, ரத்தம் வருகிறது, கழுத்தில் புதிதாகக் கட்டி, காதுக்குள் விடாத வலி. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்துத் திடீரென்று முழுங்க முடியாமல் போனால், நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

4. ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரமானது, எங்கே நின்றது. கடைசியை அவரே விரலால் கழுத்தில் தொட்டுக் காட்டட்டும். வாரம் ஒரு தடவை எடை, எப்போதும் ஒரே மிஷினில். பஸ் ஸ்டாண்டு மிஷினில் ஒரு வாரம், மெடிக்கல் கடையில் ஒரு வாரம் என்று பார்த்தால் கணக்கு வராது. எங்கள் நோட்டில் "இட்லி 2, 55 நிமிடம்" என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் ஒரு டாக்டர் பேனாவைக் கீழே வைத்து நிமிர்ந்து பார்த்தார்.

5. யாரிடம் முதலில் போவது

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். தருமபுரிக்காரர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே குழல் விட்டுத் தொண்டையைப் பார்த்துவிட்டு, மேலே பார்க்க வேண்டும் என்றால் கடிதம் கொடுப்பார்கள். அந்தக் கடிதத்தோடுதான் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஆபரேஷன் நடந்த இடத்துக்கோ போக வேண்டும். கடிதம் இல்லாமல் போனால் புது நோயாளி வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டியிருக்கும்.

காலை ஏழரைக்கெல்லாம் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள். பேச்சுப் பயிற்சியாளரை அவசியம் கேட்டுப் பாருங்கள். பேச்சுக்குத்தானே என்று நாங்கள் போகவே இல்லை. முழுங்கப் பழக்குவதும் அவர்கள் வேலைதான்.

6. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ் வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, சதை டெஸ்ட் (பயாப்ஸி) ரிப்போர்ட், கரண்ட் வைத்த விவரம், பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ஆதார், ஸ்மார்ட் ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க் கட்டணம், ஆனால் கைக்கு வரச் சில நாள் ஆகும். அதனால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாடியே விண்ணப்பித்துவிடுங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993, இலவச எண்.

எங்களை ஒரு வாரம் அலையவிட்டது ஒரு இனிஷியல். ஆதாரில் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால். இன்றைக்கே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிடப் பெரியது இது: காப்பீட்டில் ஒப்புதல் சிகிச்சைக்கு முன்னால் வாங்க வேண்டும். பணம் கட்டிச் செய்துகொண்டு பில்லை நீட்டினால் கிடைக்காது. "இந்தச் சிகிச்சைக்குக் காப்பீட்டில் இடம் இருக்கிறதா, அட்மிஷன் போட வேண்டுமா?" என்று கவுண்டரில் கேட்டுவிட்டுத் தேதி வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டையும் எடுக்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குரல்வளை நீக்கத்தால் வரும் நிரந்தரப் பேச்சிழப்பு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆன்லைனில் பதிந்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். தெரியவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

7. பேரியம் எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி, விரித்தல்

பேரியம் எக்ஸ்ரே என்றால் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். எங்கே ஒடுங்குகிறது என்று தெரியும். ஒன்றிரண்டு நாள் மலம் வெள்ளையாகப் போகும், இறுகும், தண்ணீர் அதிகம் கொடுங்கள்.

எண்டோஸ்கோபிக்கு முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. அவர்கள் சொல்கிற நேரத்துக்குப் பிறகு டீ கூடக் கூடாது. நம் ஊரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறினால் வழியில் ஒரு டீ குடிக்கத் தோன்றும். அப்பா தொப்பூரில் குடித்தார், அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அடுத்த தேதிக்கு பன்னிரண்டு நாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரைக்கும் அப்படியே கேளுங்கள்.

சந்தேகமான இடம் தெரிந்தால் சதை டெஸ்டுக்கு எடுப்பார்கள். சாதாரணச் சுருக்கம் என்றால் மெல்லிய குழலில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பருத்த குழலை விட்டோ, பலூன் வைத்தோ விரிப்பார்கள். ஒரே தடவையில் முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். முதலில் வாரக் கணக்கில், பிறகு இடைவெளி விட்டு மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருக்கும். எங்களுக்கு நான்கு தடவை ஆனது. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் மசித்த சோறு நிற்காமல் இறங்கியது. நடுவில் "சரியாகிவிட்டது" என்று ஒரு தேதியை விட்டோம், திரும்பவும் சுருங்கியது.

விரித்த அன்று லேசான வலி இருக்கும். நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சு வாங்குதல், கழுத்து வீங்கித் தொட்டால் நறநறவென்று இருத்தல், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். குழாயில் கிழிசல் விழுந்திருக்கலாம்.

8. செலவு

தெரியாமல் முதல் இரண்டு தடவையைத் தனியாரில் செய்தோம், தடவைக்கு 7,500 ரூபாய். பிறகு காப்பீட்டில் வந்துவிட்டது, கையிலிருந்து போனது பஸ்ஸும் சாப்பாடும்தான். பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் ரயில் சலுகையை விடாதீர்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை, கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கி கவுண்டரில் கொடுக்க வேண்டும். தருமபுரி, பாலக்கோடு, ஓசூர்க்காரர்களுக்கு வசதி. கிருஷ்ணகிரி டவுனில் ஸ்டேஷனே இல்லை, அவர்கள் பாடு பஸ்தான்.

9. அடுப்படியில்

நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, ஒரு வாய்க்கு இரண்டு தடவை முழுங்கி, நடுநடுவே ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.

அவரால் பழையபடி ஊத முடியாது என்பது எங்களுக்கு உறைக்கவே நாளானது. சூடான ரசத்தை ஊதிக் குடிக்கக் காற்று வாய்க்கு வர வேண்டுமே, அது கழுத்திலேயே போய்விடுகிறது. நாக்கு வெந்த பிறகுதான் புரிந்தது. ஆற்றிவிட்டே கொடுங்கள்.

புதுக் களி ஒட்டும், நிற்கும். அதையே ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் மோர் விட்டுக் கையால் கரைத்து, கட்டியில்லாமல் வடித்தால் சுகமாக இறங்கும். பரோட்டா, சப்பாத்தி, பிரெட், வறட்டு இட்லி, நாரான கீரை, கோழித் துண்டு எல்லாம் மாட்டும். இட்லி என்றால் சாம்பாரில் ஊறிக் கரைய வேண்டும். தெம்புக்கு முட்டை, பாசிப்பருப்பு, தயிர், வறுத்த நிலக்கடலையை மிக்ஸியில் நைசாக அரைத்துப் பாலில் கலந்தது. மாம்பழ சீசனில் நம் ஊரில் கஷ்டமே இல்லை, பழக்கூழைப் பாலோடு அடித்துக் கொடுத்தால் ஒரு வேளை முடிந்தது, சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். புளியும் மிளகாயும் கொஞ்ச நாள் குறைவாகவே இருக்கட்டும், வெந்த தொண்டையில் எரியும்.

ஏதாவது நின்றுவிட்டால் வீட்டில் எல்லோரும் முதுகில் அடிக்க ஆரம்பிப்பார்கள். மூச்சு கழுத்து வழியாகப் போவதால், தொண்டையில் சோறு நின்றாலும் மூச்சு நிற்காது. முன்னால் குனிந்து துப்பவிடுங்கள், இல்லை ஒரு மடக்கு தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். பதறினால் தொண்டை இன்னும் இறுகும்.

மாத்திரையை எல்லாம் இடித்துக் கொடுக்காதீர்கள். அல்சருக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல் போன்றவற்றையும், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளையும் இடிக்கக் கூடாது, மாற்று கேட்டு வாங்குங்கள். தைராய்டு எடுத்தவர்களும் கரண்ட் வைத்தவர்களும் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒரு தடவை தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அசதி, மலச்சிக்கல், பசியின்மை எல்லாம் அதனாலும் வரும். உதடும் விரல் நுனியும் மரத்து மரத்துப் போனால் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.

10. சட்டைப் பையில் ஓர் அட்டை

இரண்டாவது எண்டோஸ்கோபியில் ஓர் உதவியாளர் ஆக்சிஜன் மாஸ்க்கை அப்பாவின் மூக்கில் வைத்தார். மூக்கு நுரையீரலோடு சம்பந்தமே இல்லாமல் சும்மா இருக்கிறது, ஆக்சிஜன் கழுத்துத் துளையில் வைக்க வேண்டும். அரை மயக்கத்தில் இருந்தவரால் சொல்ல முடியவில்லை, டாக்டர் பார்த்து மாற்றினார். அன்று சாயங்காலமே தையல் கடை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதி, பஸ் ஸ்டாண்டு கடையில் லேமினேஷன் போட்டேன். நீங்களும் இப்படியே எழுதிக்கொள்ளலாம்:

"எனக்குக் குரல்வளை இல்லை. நான் கழுத்துத் துளை வழியாக மட்டுமே மூச்சு விடுகிறேன். ஆக்சிஜனையும் செயற்கை மூச்சையும் கழுத்தில் கொடுக்கவும். கழுத்தை மூடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். என்னால் பேச முடியாது, காது கேட்கும்."

கீழே வீட்டு நம்பர், ரத்த வகை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பேச முடியாதவர் என்று தெரிந்ததும் காதருகே கத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.